ஒன்பதாவது ஃபாரம்

மார்ச் 4, புதன்

இன்று பதினொரு புத்தகங்கள் வந்தன. தபால்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்து கட்டை இறக்கிவிட்டு, "இத்தனையும் படிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிறு இணைப்பிதழில் வாரம் ஒரு மதிப்புரை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த வாரத்துக்கு எதை எடுப்பது என்று நான்கு நாவல்களின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். நான்கிலும் யாரோ ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாட்டில் இத்தனை ஜன்னல்களா?

இனிமேல் எழுதுவதில்லை என்று எனக்கு நானே தடை போட்ட சொற்கள்: 'தவறவிடக் கூடாத', 'மனதை உலுக்கும்', 'செறிவான', 'ஒரு முக்கியமான வரவு'. போன வாரக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். நான்கில் மூன்று இருக்கின்றன.

மார்ச் 6, வெள்ளி

முதுகு வலி. கடவாய்ப் பல்லும் சேர்ந்துகொண்டது. ஒரு வரி எழுதவில்லை.

மார்ச் 9, திங்கள்

பல் டாக்டரிடம் போய் வந்தேன். கையோடு ஒரு நாவலை எடுத்துப் போயிருந்தேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் முதல் நாவல். அம்மாவும் மகளும் ஒரு சின்ன வீட்டில். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. நூறு பக்கத்தை நேற்றே முடித்திருந்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பெரிதாகச் சொல்லவும் ஒன்றுமில்லை என்ற நினைப்பு.

ஊசி போட்டுவிட்டு, தாடை மரத்துப் போகும்வரை வெளியே உட்காரச் சொன்னார்கள். சுவரில் தொலைக்காட்சி, பக்கத்தில் ஒரு குழந்தையின் அழுகை. கண் வரிகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது, மனம் எங்கேயோ. கை பக்கத்தைப் புரட்டியது. அப்போது இந்த வாக்கியம்:

'அம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்; நான் மாடிக்குப் போய், காய்ந்திருந்த துணிகளை எடுத்து வந்து மடித்து வைத்தேன்.'

தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு அம்மா இல்லை. மரணம் என்ற சொல்லே இல்லை. கட்டில் காலியாக இருக்கிறது, மகள் வேலைக்குப் போகிறாள். ஒரு அரைப்புள்ளிக்கு இந்தப் பக்கம் தாகம், அந்தப் பக்கம் துணி. எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது!

உள்ளே கூப்பிட்டபோது எழுந்திருக்கவே மனமில்லை.

மார்ச் 11, புதன்

அனுப்பிவிட்டேன். ஒரே மூச்சில் வந்தது. 'தாயின் மரணத்தை எழுதாமல் விட்டதே இந்நாவலின் துணிச்சல். தண்ணீர் கொடுக்காத அந்த மகளை நாம் மன்னிக்க முடியாது, மறக்கவும் முடியாது' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை அப்படியே மேற்கோள் காட்டி, 'சமீபத்தில் நம் மொழியில் எழுதப்பட்ட ஆகச் சிறந்த வாக்கியம்' என்றேன். தடை போட்ட சொல் ஒன்றுகூட இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

வந்துவிட்டது. அந்த வாக்கியத்தைத் தனியாகக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இணைப்பிதழ் ஆசிரியர் காலையிலேயே போன். என் மகள் வயதுக்காரர். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். "மேடம், அந்த ஒரு வரி போதும். எல்லாரும் போன்ல அனுப்பிட்டிருக்காங்க" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் பேப்பரை முழுக்கப் படித்துவிட்டு, "பரவாயில்லையே, புரியற மாதிரி எழுதிருக்கே" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் இவர் என் கட்டுரைக்குக் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அது.

மார்ச் 19, வியாழன்

ஒரு வாசகர் கடிதம்: 'தாங்கள் மேற்கோள் காட்டிய வாக்கியம் எந்தப் பக்கத்தில் உள்ளது? இருமுறை தேடியும் கிடைக்கவில்லை.' எரிச்சலாக வந்தது. ஒரு புத்தகத்தைக் கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியாதா இவர்களுக்கு? பதில் போடவில்லை.

மார்ச் 26, வியாழன்

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இவர் நூலகத்தில் அந்த நாவலை எடுத்து வந்து நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன ஒரு புத்தகத்தையும் தொட்டதில்லை. இதைத் தொட்டார். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"அந்தப் பொண்ணு கரண்டியில தண்ணி குடுக்குது பாரு, அங்க எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"எந்தத் தண்ணி? அவ குடுக்கவே இல்லையே. அதுதானே கதையே!"

"குடுக்காம? மூணு கரண்டி குடுக்குது. மூணாவது கரண்டி வாயோரமா வழிஞ்சிடுது. துண்டால தொடைக்குது. அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் காலையில அம்மா போயிடறாங்க."

"நீங்க வேற ஏதோ புத்தகத்தைப் படிச்சிருக்கீங்க."

"நீ எந்தப் புத்தகத்தைப் படிச்ச?"

கையைக் கழுவிவிட்டு வந்து இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்தார். நின்றுபோன லிஃப்டைப் பார்க்கிற அதே முகம். என் பிரதியை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "இங்க பாரு. நூத்தி இருபத்தெட்டு. அடுத்தது நூத்தி நாப்பத்தஞ்சு. நடுவுல பதினாறு பக்கத்தைக் காணோம்."

பதினாறு. ஒரு ஃபாரம். பதினாறு பக்கத்தை ஒரே தாளில் அச்சடித்து மடித்தால் வருவது ஒரு ஃபாரம். பைண்டிங்கில் அடுக்கும்போது ஒன்பதாவது ஃபாரத்தை எடுத்து வைக்க மறந்திருக்கிறார்கள். நூற்று இருபத்தெட்டாம் பக்கம் 'தண்ணீர் கேட்டாள்; நான்' என்று முடிகிறது. நூற்று நாற்பத்து நான்காம் பக்கம் 'எல்லோரும் கிளம்பிப் போன பிறகு நான்' என்று முடிகிறது. இரண்டும் 'நான்'. நூற்று நாற்பத்தைந்து 'மாடிக்குப் போய்' என்று தொடங்குகிறது.

நம் மொழியின் ஆகச் சிறந்த வாக்கியத்தை எழுதியது பைண்டிங் கடை.

இவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "சாப்பாடு ஆறுது" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 27, வெள்ளி

பத்திரிகைக்கு வருவதற்கு முன் அச்சகத்தில் ஒன்பது வருடம் பிழை திருத்தும் வேலை பார்த்தவள் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன் என்று பெயர் வாங்கியவள். பக்க எண்ணில் கோட்டைவிட்டேன்.

மார்ச் 28, சனி

நூலகப் பிரதியில் அந்தப் பதினாறு பக்கங்களைப் படித்தேன். மூன்று முறை.

முதல் முறை குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன். அந்தப் பக்கங்கள் மோசமாக இருந்துவிட்டால் நான் தப்பித்தேன் அல்லவா? 'நல்ல வேளை, பைண்டர் காப்பாற்றினார்' என்று எனக்குள்ளாவது சொல்லிக்கொள்ளலாம். மோசமாக இல்லை. ரத்தம் எடுக்கிற வேலை பார்ப்பவள் எழுதியது என்று வரிக்கு வரி தெரிகிறது. தினமும் ஊரார் கையில் நரம்பு தேடுகிறவளுக்கு அம்மாவின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. ஊசியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் மன்னிக்க முடியாது என்று எழுதிய மகள் இவள்.

மார்ச் 30, திங்கள்

பதிப்பாளர் போன் செய்தார். குரலில் கொண்டாட்டம். முதல் பதிப்பு தீர்ந்துவிட்டதாம். இரண்டாம் பதிப்பு ஏப்ரல் பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. என் வரியைப் பின்னட்டையில் போடுகிறார்களாம்.

"அப்புறம் உங்க யோசனைப்படியே பண்ணிட்டோம்மா."

"என்ன யோசனை?"

"அந்த ஆஸ்பத்திரிப் பகுதியை எடுத்துட்டோம். பதினாறு பக்கம். நூத்தி இருபத்தெட்டுல இருந்து நேரா நூத்தி நாப்பத்தஞ்சு. வாங்கறவங்க எல்லாம் அந்த வரி எங்கேன்னு கேக்கறாங்க. இருந்தாத்தானே காட்ட முடியும்? எழுத்தாளரும் ஒத்துக்கிட்டாங்க. அவ்வளவு பெரியவங்க அந்த ரெண்டு இடத்தையும் சேர்த்துக் காட்டினா அர்த்தம் இருக்கும்னு சொன்னாங்க."

"சரி" என்றேன். சரி! அந்த நேரத்தில் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

பத்தாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள். அதற்குள் நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பதினாறு பக்கங்கள் இனி அச்சாகும் எந்தப் பிரதியிலும் இருக்காது.

மார்ச் 31, செவ்வாய்

இணைப்பிதழ் ஆசிரியரை நேரில் பார்த்துச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், இதை யாரும் கண்டுபிடிக்கல. எழுதினவங்களே நீங்க வேணும்னு செஞ்சதா நினைக்கறாங்க. எல்லாருக்கும் நல்லதாத்தானே முடிஞ்சிருக்கு? விட்டுடுங்களேன்."

"பதினாறு பக்கம் போகுதே தம்பி."

"அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல?"

அறைக்கு வெளியே நான்கு பேர் கணினி முன்னால். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

ஒருவேளை அந்தப் பக்கங்கள் இல்லாமல் இருப்பதுதான் நல்லதோ? யோசித்துப் பார்த்தேன். சப்பைக்கட்டு என்று தெரிந்தும் ஒரு மணி நேரம் யோசித்தேன். அந்த வெட்டு உண்மையிலேயே அழகுதானே? நான் ஏமாந்தேன் என்பதால் அது அழகில்லை என்று ஆகிவிடுமா? தற்செயலாக விழுந்தது கலையாகாதா என்ன?

இப்படி ஒரு கட்டுரை எழுதிவிட எனக்குத் தெரியும். அறுநூறு சொல், அரை நாள் வேலை. பாதிப் பேர் தலையாட்டுவார்கள்.

அலுப்பாக இருக்கிறது. புத்தகத்தில் அல்ல, என்மேல்.

ஏப்ரல் 2, வியாழன்

எழுத்தாளரின் எண்ணைப் பதிப்பாளரிடம் கேட்டு வாங்கினேன். போன் செய்யவில்லை. இவர் மேசையில் கிடந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பேசிடு. பேசாம இருந்தா உனக்குச் சாப்பாடு எறங்காது. எறங்காட்டி என்னைத்தான் கடிப்பே" என்றார்.

ஏப்ரல் 3, வெள்ளி

பேசிவிட்டேன். காலை பதினொன்றரை மணி. பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். "ஒரு நிமிஷம் மேடம், கையுறையைக் கழட்டிடறேன்" என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் போனை வைத்துவிடலாமா என்று தோன்றியது.

எதையும் மறைக்கவில்லை. பிரதியில் பக்கம் விட்டுப்போனது, பல் டாக்டர் வாசலில் அரைக்கண்ணோடு படித்தது, கவனிக்காதது. எல்லாவற்றையும் சொன்னேன்.

பின்னால் யாரோ ஒரு நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ நீங்க வேணும்னு சேர்த்துக் காட்டலையா?"

"இல்லம்மா. எங்கிட்ட பக்கமே இல்ல."

"அது தேவையில்லன்னு நாசூக்கா சொல்றீங்கன்னு நினைச்சேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு... நானே பதிப்பாளர்கிட்ட எடுத்துடுங்கன்னு சொன்னேன்." பிறகு: "எங்க அண்ணன் புத்தகம் படிக்கறவர் இல்ல மேடம். பேப்பர்ல கட்டம் கட்டிப் போட்டிருந்தாங்களே, அதை மட்டும் பார்த்துட்டு போன் பண்ணினார். 'நீ அம்மாவுக்குத் தண்ணி குடுக்கலையா'ன்னு கேட்டார். அது கதைண்ணான்னு சொன்னேன். 'நீதானே கூட இருந்தே'ன்னார். அன்னியில இருந்து பேசறதில்ல."

மேசையில் இருந்த நூலகப் பிரதியில் நூற்று இருபத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்தேன்.

"நான் குடுத்தேன் மேடம்."

"தெரியும்மா. மூணு கரண்டி. படிச்சேன்."

அழுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்டேன். இல்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, சாதாரணமாக, யாரோ ஒரு நோயாளியிடம் பேசுவது போலக் கேட்டார்: "படிச்சீங்கன்னா சொல்லுங்க. அந்தப் பகுதி எப்படி இருக்கு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. 'மனதை உலுக்குகிறது' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மென்று விழுங்கினேன்.

"நரம்பு கிடைக்காத இடம் இருக்கே, அங்க நான் புத்தகத்தை மூடி வச்சிட்டேன். அதுல ஒரு வரிகூடத் தொடாதீங்க. ஆனா ஆஸ்பத்திரி வராண்டாவைப் பத்தி ரெண்டு பக்கம் வருதே, அது வேண்டாம். அங்க நீங்க எழுத்தாளர் ஆகப் பாக்கறீங்க."

"எந்தப் பக்கம்? இருங்க, பேனா எடுத்துக்கறேன்."

முக்கால் மணி நேரம் பேசினோம். சண்டை கூடப் போட்டோம். நாற்காலி வரிசையை விவரிக்கும் பத்தியை விட மாட்டேன் என்றார். விட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன். கடைசியில், "நான் யோசிக்கறேன்" என்று வைத்துவிட்டார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மூன்றாம் தேதி மாலையே முழுக் கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். இன்று பேப்பரில் வந்தது, கீழ் மூலையில், இரண்டு வரி: 'மார்ச் 15 மதிப்புரையின் மேற்கோளில் நேர்ந்த அச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்.'

அச்சுப் பிழையாம்! அச்சு பாவம், என்ன செய்தது? போன் செய்து கத்தினேன். இத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்தில் நான் குரலை உயர்த்தியதே இல்லை. "அந்தக் கட்டுரை வரலைன்னா இனி நான் ஒண்ணும் தர மாட்டேன். வேற பேப்பர்ல போட்டுக்கறேன். உங்க பேரையும் சேர்த்துப் போடுவேன் தம்பி, பாத்துக்கோங்க!"

இவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார், அப்படியே குடித்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வந்தது. முழுசாக. முதல் வரி நான் எழுதியபடியே இருக்கிறது: 'அவள் தண்ணீர் கொடுத்தாள். நூற்று இருபத்தொன்பதாம் பக்கத்தில், கரண்டியால், மூன்று முறை.' அதற்குப் பிறகு மீதி எல்லாம். பல் டாக்டர் வாசல் உட்பட. இந்த முறை கட்டம் கட்டவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

கடிதங்கள். ஒருவர், 'இருபத்திரண்டு வருடமாக இப்படித்தானா?' என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், தான் எழுதிய நாவலையும் அப்போது நான் படிக்காமல்தான் திட்டினேனா என்று. அதை நான் முழுக்கப் படித்துத்தான் திட்டினேன். ஆனால் யார் நம்புவார்கள்? பக்கம் கேட்டு எழுதியிருந்த அந்த வாசகருக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் எழுதினேன்.

ஏப்ரல் 15, புதன்

எழுத்தாளர் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: 'அண்ணன் போன் பண்ணினார். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். வராண்டாவை எடுத்துவிட்டேன். நாற்காலி இருக்கிறது.'

எழுத்தாளர் முன்பே சொல்லிவிட்டதால் பதிப்பாளர் அச்சை நிறுத்தி வைத்திருக்கிறார். என்மேல் அவருக்குக் கோபம். பின்னட்டையில் இனி என் வரி இல்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

இணைப்பிதழ் ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். உட்கார்ந்து, முதுகு வலி எப்படி இருக்கிறது, பல் எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். பழத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்க மேடம். புதுசா ஒருத்தங்களை எழுத வச்சுப் பாக்கலாம்னு மேல சொல்றாங்க."

"மேலேன்னா?"

பழப் பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவரைச் சங்கடப்படுத்தி என்ன ஆகப்போகிறது? டீ கொடுத்து அனுப்பினேன்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வந்தது தூக்கம்தான். மதியம் மூன்று மணி நேரம் அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்.

மே 18, திங்கள்

இன்று புத்தகக் கட்டு எதுவும் வரவில்லை. தபால்காரர் கீழிருந்தே போய்விட்டார்.

ஜூன் 21, ஞாயிறு

இரண்டாம் பதிப்பு போன வாரமே வந்துவிட்டது. எழுத்தாளர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். முதல் வேலையாகப் பக்க எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், பிறகு முதலிலிருந்து படித்தேன். ஐந்து நாள் ஆனது.

இன்று என் பழைய பக்கத்தில் புதியவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். முப்பது வயது இருக்கலாம். நல்ல மொழி, கொஞ்சம் கறார். 'தாயின் மரணம் பதினான்கு பக்கம் நீள்கிறது, எட்டு போதும். நூற்று முப்பத்தேழாம் பக்கத்தில் வரும் நாற்காலி வரிசை வெறும் அலங்காரம்' என்கிறார். நாற்காலி விஷயத்தில் என் கட்சி. மற்றதில் இல்லை. நரம்பு கிடைக்காத இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதில் எனக்குக் கோபமே வந்தது.

மனசு கேட்காமல் எழுத்தாளருக்குப் போன் செய்தேன். ஞாயிறு, வீட்டில் இருந்தார். பின்னால் ஒரு ஆண் குரல். "அண்ணன் வந்திருக்கார்" என்றார்.

"பேப்பர் பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா." எப்போதிலிருந்து நான் அக்கா ஆனேன் என்று தெரியவில்லை.

"வருத்தமா இருக்கா?"

"இல்லக்கா. நூத்தி முப்பத்தேழுன்னு பக்கம் போட்டுல்ல சொல்லிருக்காங்க. படிச்சிட்டுத்தானே திட்டறாங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "ஐயோ அக்கா, நான் உங்களை..." என்று தடுமாறினார்.

"இல்லம்மா. சரியாத்தான் சொன்னீங்க" என்றேன்.